கடிவாளத்தை விட்ட லோஷினி

செனாய் ஊருக்குப் பக்கத்து லாயத்தில் குதிரைகளைப் பழக்கும் லோஷினிக்குக் கோப்பி மட்டும் அடங்கவில்லை. பந்தயத்தில் ஓடிய குதிரை அது. கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகமெடுக்கும். அவள் தரையில் நின்று பழக்கும்போது சாதுதான். அது இளகியதும் கயிற்றைத் தளர்த்துவாள், நின்றுவிடும். முதுகில் ஏறினால் பயத்தில் அவள் கை இறுகிவிடும்.

"இன்னிக்கும் ஓடுச்சுன்னா வித்துடுவேன் லா," என்றார் உரிமையாளர் ஜஹானாரா.

"ஒரு ரவுண்டு பாருங்கக்கா."

அவள் ஏறியதும் கோப்பி பாய்ந்தது. லோஷினி இழுக்கவில்லை. பழைய பிரெஞ்சு சவாரி முறைப்படி விரல்களை மட்டும் மெல்ல அசைத்தாள். குதிரையின் தாடை இளகியது. உடனே, தரையில் கயிற்றை விடுவதுபோலவே கடிவாளத்தைத் தளர்த்தினாள்.

"அலமாக், விடாத புள்ள," என்று பதறினார் ஜஹானாரா.

கோப்பி வேகம் குறைந்து, நடந்து, நின்றது. நிம்மதியாக வாயை அசைத்தபடி தலையைத் தாழ்த்தியது.

ஜஹானாரா வேலியைப் பிடித்துக்கொண்டார். "விக்க வேணாம். இப்ப இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நான்தான் லா."