அண்ணன் பார்த்த கடல்

என் அறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு வெஸ்ட் தொங்குகிறது. ஜேபி நகரை ஒட்டிய தெப்ராவில் நான் வேலை பார்த்த கிடங்கில் கொடுத்தது. முதுகிலிருந்த வெள்ளிப் பட்டை உரிந்துவிட்டது. எத்தனை முறை துவைத்தும் லேடாங் மலைச் சேறு அதன் ஓரத்தை விட்டுப் போகவில்லை. மனைவிக்கு அதைக் கரித்துணி ஆக்கிவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. நான் விடுவேனா?

அந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சரக்கை உயரமாக ஏற்றிவிட்டால் ஓட்டுபவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. வெஸ்ட் போட்ட ஓர் ஆள் கூடவே நடந்து வழி சொல்ல வேண்டும். அந்த ஆள் நான். இடப்பக்கம் என்றால் 'கிரி', வலப்பக்கம் 'கானான்', பின்னால் எடுக்க 'கோஸ்தான்'. எங்கள் இருவருக்கும் அந்த மூன்று சொற்களே போதுமாக இருந்தன. பிறகு ஒருநாள், நான் சரியாகச் சொல்லியும் அண்ணன் தூணில் இடித்தார். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது, ஒருநாள் நடுவிலும் அணைந்துவிடும் என்றார் மருத்துவர்.

அண்ணன் அழவில்லை. வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "லேடாங் உச்சியில நின்னா மலாக்கா கடல் தெரியுமாம்லா. கண்ணு இருக்கறப்பவே ஒருதடவை பாத்துடணும்" என்றார். அவர் சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். மலைக்கு அந்தப் பக்கம் கடல் என்று கேட்டே வளர்ந்தவர். "ஏன்ணே, ஜேபியில இல்லாத கடலா?" என்று என் மச்சான் கிண்டல் செய்ததற்கு, "அது வேற, இது வேற" என்றார்.

அப்படித்தான் ஒரு விடியலில் நால்வர் ஏறத் தொடங்கினோம்: அண்ணன், நான், ஸ்டோரில் வேலை செய்த மச்சான், ஆபீஸ் கிளார்க் அக்கா. அண்ணனுக்கு மீந்திருந்த அந்தக் குறுகிய பார்வைக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று வெஸ்டைப் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். மரங்களுக்கிடையே பனி நின்றது. வேர்கள் மேலெல்லாம் பாசி. எங்கள் குரல்களே யாரோ தூரத்தில் பேசுவதுபோலக் கேட்டன. "கிரிண்ணே... வேர் இருக்கு... பெலான், பெலான், மெதுவா..." பின்னால் ஏறி வந்த வேறு ஆட்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கயிற்றைப் பிடித்து ஏறும் இடத்தில் கிளார்க் அக்கா கத்தினார்: "அண்ணே, கோஸ்தான் மட்டும் போட்டுறாதீங்க, பின்னால நான் இருக்கேன்!" அண்ணன் சிரித்த சிரிப்பில் கயிறே ஆடியது.

உச்சியில் கடல் இல்லை. மலை இல்லை, வானமும் இல்லை. பாலைக் கவிழ்த்தாற்போல எங்கும் வெள்ளை. அண்ணன், மலையின் பெயர் எழுதிய உச்சிப் பலகையில் சாய்ந்து காத்திருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. எங்களோடு ஏறி வந்த மலாய்க்கார வழிகாட்டி, இறங்க வேண்டும் என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அதோ பாருங்கண்ணே, கடலு!" என்று புளுகினான்.

"டேய், எனக்குக் கண்ணுதான் போகுது, புத்தி போகல" என்றார் அண்ணன். மச்சான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அக்கா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் எங்களைத் தேடித்தேடி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு பலகையைவிட்டு ஓரடி முன்னால் வந்து, நேரே கையை நீட்டினார்.

"அலமாக்! அந்தா!"

திரும்பினோம். வெள்ளைதான்.

"பனி மூடிருச்சுலா. சின்ன ஓட்டைதான், என் கண்ணுக்கு அளவெடுத்த மாதிரி. நீங்க சுத்திச் சுத்திப் பாத்துக் கோட்டை விட்டுட்டீங்க."

"எப்படிண்ணே இருந்துச்சு?" என்றார் அக்கா.

"நீலமா. ஒரு கப்பல் நின்னுச்சு. அசையவே இல்ல."

இறங்கும்போது கால் வலி யாருக்கும் தெரியவில்லை. மச்சான் பாடிக்கொண்டே வந்தான்.

இப்போது அண்ணனுக்குப் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. போன வருடம் வேறு நண்பர்களோடு மறுபடி லேடாங் ஏறினேன். துடைத்துவிட்டதுபோல வானம். அதே பலகையில் முதுகைச் சாய்த்து, அவர் கை நீட்டிய திசையைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை செம்பனைத் தோட்டம். கடல் என் முதுகுக்குப் பின்னால் பளபளத்துக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் அங்கே நின்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் நடக்கிறோம். அண்ணனுக்கு இப்போது எந்த நிறமும் தெரியாது. ஆனாலும் வெஸ்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். அதன் முதுகைப் பிடித்தபடி பின்னால் வருவார். நான் கிரி, கானான் சொல்வேன். போன வாரம் திடீரென்று கேட்டார்:

"மறுபடி மேல போனியாமே. கடல் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சுண்ணே. நீங்க காட்டுன பக்கம்தான்."

நாலடி நடந்தபின் கேட்டார்:

"கப்பலு?"

"இன்னும் அங்கேயேதான் நிக்குது."

அண்ணன் நின்றுவிட்டார். வெஸ்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் சிரித்தார்.