ரோபோவுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்குத் தரை பெருக்கும் ரோபோ வந்தது சுத்தத்துக்காக அல்ல. மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்ததும், புனேயில் இருக்கும் மகள் பிடிவாதம் பிடித்தாள். "நீங்க ரெண்டு பேரும் தனியா மேனேஜ் பண்ண முடியாதுப்பா. கரோல் பாக் வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க." மனைவியோ நாற்பது வருஷத்துத் தில்லியை விட்டு நகர மாட்டேன் என்றாள். கடைசியில் மகள் கொஞ்சம் இறங்கி வந்து அந்த வட்டக் கருவியை அனுப்பினாள். தீபாவளி வரைக்கும் பார்ப்பாளாம். வீடு ஒழுங்காக நடந்தால் இருக்கலாம், இல்லையென்றால் டிக்கெட் போட்டுவிடுவாளாம். ரோபோ தினமும் எந்த அறையைப் பெருக்கியது என்பது அவள் போனில் தெரியும். வேலைக்காரனும் அதுதான், ஒற்றனும் அதுதான்.

முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிய எனக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்தாலும் சாயங்காலத்துக்குள் மேஜைமேல் பெயர் எழுதிப் பார்க்கும் அளவுக்குத் தூசி சேரும் ஊர் இது. கட்டிலுக்கு அடியில், என் கை எட்டி வருஷக்கணக்கான இடத்தில் எல்லாம் அது புகுந்து வந்தது. அதே கெட்டிக்காரன் வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடியைக் கிணறு என்று நினைத்துத் திரும்பிவிடுவான். சிந்திய பருப்பை ஹால் முழுக்க இழுத்து மெழுகுவான். மனைவி திருநெல்வேலித் தமிழில்தான் அதோடு பேசுவாள். "அங்கன போகாத, மாட்டிக்கிடுவ" என்பாள். அது போய்ச் சோபா விரிப்பில் மாட்டிக்கொள்ளும். "சொன்னேம்லா" என்பாள்.

ஆயுத பூஜை அன்று பொரியும் பழமும் வாங்க நான் மார்க்கெட் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் ஃபிரிட்ஜ், மிக்ஸி, கேஸ் அடுப்பு, ஸ்கூட்டர் சாவி எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. ரோபோவும் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு என்பதால் அதை ஓடவிடவில்லை.

விஜயதசமி காலையில் பொத்தானை அழுத்தினேன். நின்ற இடத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, இந்தியில் ஏதோ உதவி கேட்டுவிட்டு நின்றுவிட்டது. குப்புறக் கவிழ்த்து பிரஷ்ஷில் சிக்கிய முடியை எல்லாம் பிடுங்கினேன். சக்கரத்தைத் துடைத்தேன். ஈரத்துணியால் உடம்பு முழுக்கத் துடைத்தேன், பொட்டு அழியாமல் பக்குவமாக. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மகள் வீடியோ காலில் வந்தாள். "அப்பா, ரெண்டு நாளா ஹால்கூட பெருக்கல. போதும்பா. நான் டிக்கெட் பார்க்கறேன்."

மனைவியின் முகம் வாடிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கருவியைத் தூக்கி போனுக்கு நேராகக் காட்டினேன். "நீயே பாரு. எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன். இதுல என்ன குறை?"

அவள் உற்றுப் பார்த்தாள். "அந்தக் குமிழ் மேல சிவப்பா என்னப்பா?"

"பொட்டு."

"அதுதான்பா அதோட கண்ணு. அது வழியாதான் சுவரெல்லாம் பார்க்கும்."

"நெத்தின்னுல்லா நெனச்சேன்" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். "ஏக் மினிட். அது தரையிலதானே இருக்கும்? பொட்டு யார் வச்சது, அப்பாவா?"

பொட்டு வைத்தபோது நான் மார்க்கெட்டில் இருந்தேன். திரும்பி மனைவியைப் பார்த்தேன். தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

"நாந்தான்" என்றாள். "உக்காந்துதான் வச்சேன். கட்டில் காலப் பிடிச்சு எந்திச்சேன். கொஞ்ச நேரமாச்சு, அவ்வளவுதான். வீட்டுல எல்லாத்துக்கும் வச்சுட்டு அத மட்டும் எப்படி விட?"

சோபாவிலிருந்து எழுவதற்கே நான் கை கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் பயத்தைவிடப் பெருமையாக இருந்தது, அதுதான் உண்மை.

ஈரத்துணியால் குமிழைத் துடைத்துக் கீழே விட்டேன். அது எதுவுமே நடக்காததுபோல் சோபாவைச் சுற்றிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. மகள் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ம்மா, அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் தில்லி வரேன். பொட்டு நான் வைக்கறேன். நீ கீழ உட்காரவே கூடாது, டீக் ஹை?"

"சரிட்டி" என்றாள் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமும் தில்லி. மகள் மனசு மாறுவதற்குள், சார்ஜ் இல்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிப் போனை வைத்தேன்.