ஆக்சிஜன் குறைந்த அறையில் ஒரு மணி நேரம்

நீர்மூழ்கிக் கப்பலில் தீப்பிடித்தால் தப்பி ஓட இடமில்லை. உள்ளேயிருக்கும் காற்றில் ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்தே வைத்திருந்தால் தீ பற்றுவது கஷ்டம். ஆனால் அந்தக் காற்றில் மனிதர்கள் வேலை பார்க்க முடியுமா? அதைத்தான் நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தோம். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த டாக்டர். சோதனைக்கு ஆள் தேவைப்பட்டபோது எங்கள் பக்கத்து மனிதர்களிடம்தான் கேட்டேன்.

முதலில் வந்தவர் காலடிப்பேட்டைக்காரர். துறைமுகத்தில் கப்பல் தொட்டிகளுக்குள் இறங்கி வெல்டிங் செய்பவர். ஒப்புதல் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

"டேங்க்ல எறங்குன என் தோஸ்து மூச்சு முட்டி ஏணிகிட்டயே வுழுந்து செத்தான் டாக்டரம்மா. நீ இன்னாடான்னா, கம்மி காத்துல குந்த சொல்ற."

"அங்க எவ்ளோ கம்மின்னு யாரும் அளக்கலண்ணா. இங்க அளந்து வுடுறோம். ஊட்டி மலை மேல மூச்சு வுடுற மாதிரிதான் இருக்கும்."

"நீ உள்ள குந்தி பாத்துகீறியா?"

பார்த்ததில்லை. ஒரு வருடமாகச் சோதனை அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றே எல்லாத் திட்டமும் போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வெல்டரையும் வரச் சொல்லி, கூட வேலை பார்க்கும் டாக்டரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். தீக்குச்சியை உரசினேன். மருந்து மட்டும் சீறி அடங்கியது. குச்சியில் தீ ஏறவில்லை. தலை லேசாகக் கனத்தது. மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்த கணக்குகளைத் தப்பில்லாமல் போட்டேன். அந்த ஒரு மணி நேரமும் வெல்டர் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

வெளியே வந்ததும் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் கீற. ஆனா கப்பல்ல குந்திகினு கணக்கா போடுவாங்க? ஏணி ஏறணும், கனம் தூக்கணும். அப்ப மூச்சு எப்டி கீதுன்னு பாக்க வேணாவா?"

எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. முறைப்படி அனுமதி வாங்கி, படி ஏறி இறங்குவதையும் மணல் மூட்டை தூக்குவதையும் சோதனையில் சேர்த்தேன். அதற்கு முதல் ஆளாக அவரே வந்து கையெழுத்துப் போட்டார். உட்கார்ந்திருக்கும் வரை அவருடைய ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றே குறைந்திருந்தது. மூட்டையோடு படி ஏறியபோது அது சட்டென்று இறங்கியது. ஓய்வெடுத்ததும் மெல்ல ஏறியது. பிறகு வந்தவர்களுக்கும் அப்படித்தான். இந்தக் காற்றில் வேலை பார்க்கலாம், கனமான வேலைக்கு நடுவே ஓய்வு கட்டாயம் என்று அறிக்கையில் எழுதினேன். கூட்டங்களில் அந்த வரியை யார் குடைந்து கேட்டாலும் நான் தடுமாறுவதில்லை.

அன்று மூட்டையை இறக்கி வைத்ததும் அவர் வியர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "அடுத்த வாட்டி மூட்டைய இன்னும் கனமா வை. இது பத்தாது."