பூச்செண்டைப் பிடித்த கோல்கீப்பர்

அறங்காவலர்களின் விருந்துக்காக, மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்ட 'ஆப்பிள் பை' என்ற பலகாரம் ஆறும் ஒரே பெரிய தட்டில் இருந்தன. கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தின் தலைமைச் சமையற்காரி வெர்னா ஸ்டோல்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டும்போது, ஈரத் தரையில் கால் வழுக்கித் தட்டு கையை விட்டுப் போனது. காபிக்காக வரிசையில் நின்றிருந்த புதுக் கால்பந்து கோச் லியோ கெம்பர் பாய்ந்தார். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று பிடித்தார். மற்ற நான்கும் தரையில் சிதறின.

மேலாளர் ஓடிவந்தார். "யார் பண்ணின வேலை இது?"

வெர்னா வாய் திறப்பதற்குள், இரண்டு பைகளை ஏந்தியபடி தரையில் கிடந்த லியோ, "நான்தான் சார். குறுக்க வந்து இடிச்சுட்டேன். கீழ போட்டது நான்தான்" என்றார்.

கோல்கீப்பராக, எதையும் கீழே விடாமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர் அவர். அந்தச் சனிக்கிழமை எதிரணி கோல் போட்டபோதெல்லாம், "கோச், கையில வெண்ணெய் ஒட்டிக்கிச்சா?" என்று மாணவர்கள் கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். வெர்னாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெர்னா அன்றிரவு முதல் தன் ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். கணவனுக்குக் கீழே, மைத்துனனுக்கு மேலே.

லியோ செயின்ட் லூயிஸ் நகரத்துப் பையன். வீட்டில் அண்ணன்மார் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் உதைக்கத்தான் ஆசை, அதனால் கடைக்குட்டியைக் கோலில் நிறுத்தினார்கள். அங்கிருந்து அவர் நகரவேயில்லை. தேவாலய அணியில் கோல்கீப்பர், பிறகு சம்பளத்துக்கு ஆடும் ஓர் அணியில் கோல்கீப்பர். அந்த அணி இழுத்து மூடப்பட்ட அன்று கையில் காசில்லாத முதலாளி, கோல் வலையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாராம். வலையை மூட்டை கட்டிக்கொண்டு, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள இந்தச் சின்ன லூத்தரன் திருச்சபைக் கல்லூரிக்கு வேலை கேட்டு வந்தார். கல்லூரியில் கோல் கம்பம் இருந்தது, வலை இல்லை. அதற்காகத்தான் வேலை கொடுத்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு.

கோச் என்றால் எல்லாமும்தான். பஸ் ஓட்டுவார், சுண்ணாம்புக்கோடு போடுவார், சட்டைகளைத் துவைப்பார். விரல்கள் பல தடவை முறிந்து ஆளுக்கொரு திசை பார்க்கும். ஆனால் அந்தக் கைகள் அவரைக் கேட்டு வேலை செய்வதில்லை. மேசையிலிருந்து உப்புக்குப்பி உருண்டால் கை அங்கே இருக்கும். அதோடு விடாது. பிடித்ததை நெஞ்சோடு அணைத்துச் சுருண்டு தரையில் விழுவார். பிறகுதான் அது உப்புக்குப்பி என்று தெரியும்.

மூன்றாம் வருஷம் அணி ஜெயித்தது இரண்டே ஆட்டம். கல்லூரித் தலைவர் ஹார்லன் தீட்மன் அவரைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை என் பொண்ணு கல்யாணம். அது முடியட்டும், திங்கக்கிழமை பேசுவோம்" என்றார். பேச்சு என்னவென்று சமையலறைப் பாத்திரங்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. லியோவின் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

"கல்யாணத்தன்னிக்கு எதையும் தொடாதீங்க கோச்" என்றாள் வெர்னா. "கையை பாக்கெட்டுல வச்சுக்குங்க. பல்லைக் காட்டிட்டு, கேக்கைத் தின்னுட்டு, வீடு போய்ச் சேருங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா பரவாயில்லையே. சொன்னா கேக்கும்."

விருந்து சாப்பாட்டுக்கூடத்தில்தான். மணப்பெண் கேரன் முதுகைக் காட்டி எறியும் பூச்செண்டை எந்தப் பெண் பிடிக்கிறாளோ, அடுத்த கல்யாணம் அவளுக்கு. அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. கேரனின் அக்கா ஜோனை ஏழு வருஷமாகப் பார்த்துப் பழகிவந்தார் வென்டெல் ஓட் என்ற தாவரவியல் வாத்தியார். ஞாயிறுதோறும் வந்து சாப்பிடுவார், கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார். செண்டு ஜோன் கையில் விழுந்தால் அவருக்கு ரோஷம் வரும் என்று தாயார் கணக்குப் போட்டு, கேரனை ஒரு வாரமாகத் தலையணை எறிந்து பழக்கியிருந்தார்.

கேரன் எறிந்தாள். குறி தப்பவில்லை. ஜோன் கைநீட்டினாள். அந்த நேரம் பார்த்து, நாற்காலி தேடி வந்த லியோவின் தலைக்கு மேலே வெள்ளையாய் ஏதோ பறந்தது.

கை பாக்கெட்டில்தான் இருந்தது. எப்போது வெளியே வந்தது என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் கூட்டத்துக்கு மேலே எழும்பி, செண்டைப் பறித்து, நெஞ்சோடு அணைத்து, பளபளவென்று துடைத்திருந்த தரையில் சுருண்டு விழுந்தார். உடனே எழுந்தார். கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதில்லையே. கூடத்தை ஒரு பார்வை பார்த்து, எல்லார் தலைக்கும் மேலே கோடியிலுள்ள மேசைக்கு வீசினார். செண்டு வென்டெல் ஓட்டின் மடியில் போய் உட்கார்ந்தது.

வெர்னா கரண்டியைப் பிடித்தபடி, 'கர்த்தரே, அந்த வயித்துப் பிள்ளையை நினைச்சுக்கும்' என்று முணுமுணுத்தாள்.

முதலில் சிரித்தது ஜோன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வென்டெல் முன்னால் போய் நின்றாள். "பிடிச்சவங்களுக்குத்தான் அடுத்த கல்யாணம், வென்டெல். பொண்ணு யாருன்னு நீயே சொல்லு."

வென்டெல் செண்டைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். "வேற யாரு, நீதான்" என்று பூவுக்குள் சொன்னார்.

திங்கட்கிழமை மதியம் லியோ சமையலறைக்கு வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"போகச் சொல்லிட்டாரா?" என்றாள் வெர்னா.

"எதுக்குய்யா அவன்கிட்ட வீசினேன்னு கேட்டாரு. எல்லாரும் ஜோனைச் சுத்தி நிக்கிறாங்க, அவரை யாரும் கவனிக்கல, அப்படி நிக்கிற ஆள்கிட்டதான் சார் பந்தை வீசணும்னேன்."

"அதுக்கு?"

"ஏழு வருஷமா நாங்களும் ஜோன்கிட்டயேதான் பேசிட்டிருந்தோம், அவன்கிட்ட ஒருத்தரும் கேக்கலன்னாரு. அப்புறம், சரி, இன்னும் ஒரு வருஷம் இருந்து பாருன்னாரு."

வெர்னா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, ஒரு கிண்ணம் சூப்பை அவர் முன்னால் வைத்தாள், மேசையின் நட்டநடுவில்.

அந்த ஒரு வருஷம் லியோவின் தலை முழுக்க நரைக்கும்வரை நீண்டது. சில வருஷம் ஜெயித்தார்கள், பல வருஷம் தோற்றார்கள். கடைசியில் இடுப்பெலும்பு தேய்ந்து, அரிசோனாவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவானது.

புறப்பட்ட அன்று காலை, கார் சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றது. வழிக்கென்று சுட்ட ஆப்பிள் பையைத் தகரத் தட்டோடு சுற்றி எடுத்துக்கொண்டு வெர்னா வெளியே வந்தாள். படிகளில் பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்தது. அவளுக்கும் இப்போது முழங்கால் சரியில்லை. அவரால் இருக்கையைவிட்டு எழ முடியவில்லை.

"எப்படிக் கொடுக்கிறது கோச்?"

லியோ கார்க் கதவைத் திறந்து, கோணல் விரல்களோடு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அங்கிருந்தே வீசுங்க வெர்னா. விழுந்தா, நான்தான் கீழ போட்டேன்னு சொல்லிடறேன்."