சுழியோடிகளின் உடுப்புக் கழுவின காலம்

சுழியோட வருகிறவர்கள் கடலின் அடியைப் பார்ப்பார்கள். அவர்கள் கழற்றிப் போடுகிற ரப்பர் உடுப்பின் உள்பக்கத்தைப் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும், இத்தாலியில் பலெர்மோ நகரத்து ஓரம், ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஆறு கோடைகாலம் அந்த ஆள் நான்தான். பிறர் வீடு துடைத்து, பிறர் கோப்பை கழுவிப் பிழைக்கிற உங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கின எவரும் அந்த உடுப்புக்குள் மூத்திரம் பெய்யாமல் வருவதில்லை. எவரும் அதை ஒப்புக்கொள்வதும் இல்லை.

நாலாம் நாள்

அதற்கு முன் ஸ்தாசியோனே, ரயில் நிலையப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. அவர் மகளோடு இருக்கப் போய்விட, பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்க மூன்று மாதம் இருக்கையில் எனக்கு வேலை இல்லாமல் போனது. கோயிலில் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் சால்வோவின் சுழியோடும் நிலையத்துக்குப் போனேன். சால்வோவுக்கு ஐம்பது வயது, மீனவர் வீட்டுப் பிள்ளை, குறைவாகக் கதைப்பார். சில நாள் பார்த்துவிட்டு ஒப்பந்தம் எழுதுவோம் என்றார். அது இல்லாமல் பெர்மெஸ்ஸோ கிடையாது.

வீட்டு வேலையில் நான் படித்தது, மணக்கிறது எதுவானாலும் பிளீச் ஊற்று என்பது. நாலாம் நாள், பன்னிரண்டு உடுப்பு ஊறுகிற தொட்டியில் தாராளமாக ஊற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்து தூக்கினால், கறுப்பெல்லாம் தேமல் விழுந்த மாதிரி. எல்லாவற்றையும் கொடியில் போட்டுவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எப்படியும் போகச் சொல்வார், நானே ஆயத்தமாக நிற்பது மரியாதை என்று நினைத்தேன். சால்வோ வந்து ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். பிளீச் போத்தலை மூடிக் கொண்டுபோய்த் தன் காருக்குள் வைத்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: "ஜெசிந்தா, ஒரு நல்லது நடந்திருக்கு. இனி இதுகளை ஒருத்தரும் களவெடுக்க மாட்டினம்."

கரீபியனில் படித்தவர்

ஒப்பந்தம் வந்தது, பெர்மெஸ்ஸோவும் வந்தது. ஒரு வருசம் மே மாதக் கடைசியில் வட இத்தாலியிலிருந்து ஒருவர் வந்தார். கரீபியன் தீவு ஒன்றில் பத்து நாள் சுழியோடின மனிதர். அங்கே தண்ணீர் வெந்நீர் மாதிரி, அரைக்காற்சட்டையோடு இறங்கலாம், ஆமை பக்கத்தில் வந்து நிற்கும் என்று படகு வருமட்டும் எல்லாருக்கும் வகுப்பு எடுத்தார். நான் நீட்டின தடித்த உடுப்பையும் தலை மூடியையும், இதெல்லாம் கிழவர்களுக்கு என்று திருப்பித் தந்தார். சால்வோ மறுத்துப் பார்த்தார், பிறகு கையை விரித்தார்.

எட்டு நிமிடத்தில் மேலே வந்தார். உதடு கத்தரிக்காய் நிறம். நான் துவாயைப் போர்த்தி, சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல் அடிக்கக் கேட்டார்: "சிஞ்ஞோரா, கோடைகாலம் வந்திட்டுது எண்டு இந்தக் கடலுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

முதுகுச் சிப்

கிராத்சியெல்லா என்று ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். பெண்கள் உடுப்பு மாற்றும் அறை வெறுமையாகும்வரை கதிரையில் இருந்தார். எல்லாரும் போனபிறகு, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழும்பினார். படகு நிற்கும், நான் திரும்பி நிற்கிறேன், ஆறுதலாக மாற்றுங்கள் என்றேன். அப்போதுதான் சொன்னார். சத்திரசிகிச்சையில் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள், இரண்டு வருசமாகக் கடற்கரைப் பக்கமே போகவில்லையாம். பெண்களின் ரப்பர் உடுப்பு நெஞ்சு வைத்துத் தைத்தது. போட்டால் ஒரு பக்கம் குழி விழும், அது எனக்கும் உடனே விளங்கியது.

ஆண்களின் சின்ன அளவில் ஒன்று எடுத்து வந்தேன். முன்பக்கம் தட்டை. இடுப்பில் இறுக்கியது, முதுகில் முழங்காலை ஊன்றித்தான் சிப்பை மேலே இழுத்தேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கண்ணாடியில் முன்னுக்கும் பக்கவாட்டிலும் கன நேரம் பார்த்தார். வெளியே படகுத்துறையில் பதினொரு பேர் கறுப்பு உடுப்போடு வரிசையில் நின்றார்கள். அவர் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "எல்லாரும் பென்குயின் மாதிரித்தான் இருக்கிறம், என்ன?"

முழங்கால் தண்ணீர்

எங்கள் ஆட்கள் எவரும் அங்கே வந்ததில்லை. முதலில் வந்தது அருள். பல்லரோ சந்தையில் மீன் பெட்டி இறக்குகிறவர், ஊர் முல்லைத்தீவு. அவருடைய மனைவி சுகந்தியின் தாயையும் தம்பியையும் ஒரே காலையில் சுனாமி கொண்டுபோனது. அலை வந்த இரைச்சல் இன்னும் காதை விட்டுப் போகவில்லையாம், அதற்குப் பிறகு அவள் கடலில் கால் வைக்கவில்லை. பலெர்மோவில் பஸ்ஸில் போனாலும் மலைப்பக்க ஜன்னல்தான். இப்போது ஏழு வயது மகள், அம்மா ஏன் மாரேக்கு, கடலுக்கு, வாறேல்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாளாம். சால்வோவிடம் சொன்னேன். படகும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம், சுழியோடுகிற முகக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய் முழங்கால் தண்ணீரில் நில்லுங்கள் என்றார்.

செப்டெம்பரில் ஒரு வேலைநாள், கரையில் அருளைத் தவிர ஆள் இல்லை. சுகந்தி என் கையை இரண்டு கையாலும் பிடித்தபடி கணுக்கால் தண்ணீரில் அரைமணி நேரம் நின்றாள். மகள் முங்கி முங்கி எழும்பி, இத்தாலியன் பாதி தமிழ் பாதியாக என்ன மீன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வற்புறுத்தவில்லை. கடைசியில் சுகந்தியே கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள்.

முழங்கால் ஆழத்துக்குப் போய், பின்னலை ஒதுக்கிப் பட்டியை மாட்டிவிட்டேன். குனிந்து முகத்தை வைத்தாள், உடனே எடுத்தாள். மறுபடி வைத்தாள். மூன்றாம் முறை நிமிரவே இல்லை. எனக்குப் பயம் பிடித்துத் தோளைத் தொட்டேன். நிமிர்ந்து, மூச்சை ஆறவிட்டு, அருளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, தண்ணிக்கு உள்ளுக்கை சத்தமே இல்லை."

விடுமுறைக்கு எந்தத் தீவில் சுழியோடப் போனாலும் என்ன கிடைக்கும் என்று, ஆறு கோடைகாலம் துவாய் நீட்டின என்னைக் கேட்டால், மீன் வருமோ வராதோ தெரியாது, மேலே வந்ததும் மூக்கு ஒழுகுவது நிச்சயம் என்றுதான் சொல்வேன்.