இக்வானா தேடுகிற வைத்திலிங்கம்

எட்டு மணி வெயில் மரத்து உச்சியில் விழுந்ததும் வைத்திலிங்கம் செருப்பைக் கழற்றி இடுக்கிக்கொள்கிறார். சருகு சத்தம் போடக் கூடாதாம். தோளில் நீள மூங்கில். நுனியில் தூண்டில் நரம்புச் சுருக்கு. சின்ன வயதில் ஓணான் பிடித்த அதே சுருக்குதான், கொஞ்சம் பெரிசு.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஆளில்லாமல் கிடக்கும் குவார்ட்டர்ஸ் வரிசையில் அவர் தேடுவது இக்வானா. வெளிநாட்டுப் பச்சைப் பல்லி. வாலோடு சேர்த்தால் ஓர் ஆள் நீளம். ஓர் அதிகாரி வீட்டில் ஜோடியாக வளர்த்தார்கள். மாற்றலாகிப் போகிற அன்று அந்த அம்மா, "எங்கேயாவது விட்டுடுங்க" என்றிருக்கிறார். தோட்ட வேலைக்குப் போயிருந்த வைத்திலிங்கம் இரண்டையும் புங்கமரத்தில் ஏற்றிவிட்டார். "ஓணான் ஜாதிதானேன்னு நெனச்சேங்க. மரத்துல வுட்டா பொழச்சிக்கும்னு." பிழைத்துக்கொண்டன. பெருகியும் விட்டன.

கோயிலுக்குப் பூப் பறிக்கப் போய்த்தான் எனக்கு அவர் பழக்கம். மொட்டையாக நின்ற செம்பருத்தியைக் காட்டி, "சாமிக்கு முன்னாடி அதுக்கு நைவேத்தியம் ஆயிடுச்சுங்க" என்றார். சிரித்துவிட்டேன், சாமி மன்னிக்கட்டும்.

பக்கத்து பிளாக்கில் புகார் கிளம்பியதும், விட்டவனே பிடிக்கட்டும் என்று தோட்ட வேலைக் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். விடச் சொன்னவர்களை யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் பார்த்த தோட்ட வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. கடைசி இக்வானா பிடிபடும் வரைதான் இவருக்குக் கேட் பாஸும் கூலியும். அப்புறம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சூப்பர்வைசர் செங்குட்டுவன் வயதில் சின்னவர். "இது இந்த ஊரு உயிர் கிடையாதுய்யா. மொத்தமா அப்புறப்படுத்தணும்" என்பார்.

"நாங்க இந்த ஊருதாங்க. மைன்ஸுக்கு எடம் வேணும்னு எங்களயும் அப்புறப்படுத்தத்தான் செஞ்சாங்க." வைத்திலிங்கத்தின் குரலில் சூடு இருக்காது.

இதுவரை பதினொன்று பிடித்துக் கொடுத்திருக்கிறார். சாக்கில் கட்டிக் கொண்டுபோகிறார்கள். எங்கே என்று இவர் கேட்பதில்லை. "வாயத் தொறக்கும், சத்தமே வராதுங்க" என்று ஒருமுறை மட்டும் சொன்னார்.

போன வெள்ளிக்கிழமை, பாதாம் மரத்தில் எங்கள் தலைக்கு நேரே பன்னிரண்டாவது வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "ஒரு மாசமா இது ஒண்ணுதாங்க கண்ணுல படுது. இத்தோட சரி" என்றார் மெதுவாக. சுருக்கு எட்டுகிற உயரம்தான். மூங்கிலை அவர் தூக்கவில்லை.

வண்டியை நிறுத்தினார் செங்குட்டுவன். "என்னய்யா, இன்னும் இருக்கா, தீந்துடுச்சா?"

"தேடிக்கினுதாங்க இருக்கேன்."

எதிர்வரிசை வேப்பமரத்துக்கு நடந்தார். ஒன்றுமே இல்லாத அந்தக் கிளைகளுக்குள் சுருக்கை விட்டு, மெல்லத் துழாவ ஆரம்பித்தார்.