மெதுவாக நடப்பவர் முன்னால்

என் கணவருக்கு நடப்பது என்றால் பழனிக்கு நடப்பதுதான். தைப்பூசத்துக்கு முன்னால் காவடிக் கூட்டத்தோடு காரைக்குடியிலிருந்து கிளம்பினால், குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் என்று ஊர் ஊராகத் தங்கி, வெறுங்காலோடு போய்ச் சேருவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே போகிறார். திரும்பி வந்தால் கால் முழுக்கக் கொப்புளம், வாய் முழுக்கக் கதை. எந்த ஊரில் மோர் கொடுத்தார்கள், எந்த மண்டபத்தில் குறட்டைச் சத்தத்தில் யாருமே தூங்கவில்லை, யார் நத்தம் தாண்டி உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார் என்று மாசி பாதி வரைக்கும் ஓடும். நான் இட்லி மாவு அரைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகள் எனக்கு மனப்பாடம். ஒன்றில்கூட நான் கிடையாது.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்காது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர், பரீட்சை நெருங்கும்போது காவடி எடுக்கப் போனால் தலைமையாசிரியர் என்னைத்தான் தூக்கிக் காவடி ஆடுவார். ஆகவே போனதில்லை. ஆனால் கேட்டுக் கேட்டு ஒரு ஆசை மட்டும் உள்ளே வளர்ந்துவிட்டது. ஒரு தடவையாவது இந்த மனிதரோடு நாள்கணக்கில் நடக்க வேண்டும், ஏதாவது ஒரு கதையில் நானும் இருக்க வேண்டும்.

ஊருக்குள் இருவரும் சேர்ந்து நடப்பதில்லையா என்று கேட்கலாம். நடக்கிறோம். அவர் முன்னால், நான் பின்னால். மின்வாரியத்தில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை போயும் கண் இன்னும் மேலே கம்பியிலேயேதான் இருக்கிறது. நிமிர்ந்த தலையோடு விறுவிறு என்று போவார். கல்யாண மண்டப வாசலில் சந்தனம் வைத்துக்கொண்டு நிற்பவர்கள், "டீச்சர் வரலையா?" என்று கேட்பார்கள். "வந்துக்கிட்டு இருக்கா" என்பார். அதற்கப்புறம்தான் நான் தெருமுனையில் தென்படுவேன்.

போன கோடை லீவுக்கு முன்னால், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், கொடைக்கானல் மலைக்குள் நாலு நாள் நடந்துவிட்டு வந்து படங்கள் அனுப்பினாள். ஒரு படத்தில் அவளும் மாப்பிள்ளையும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு பனிக்குள் நிற்கிறார்கள். எனக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவளை அழைத்துப்போன வழிகாட்டியின் நம்பரை வாங்கினேன். மலைக் கிராமத்துக்காரர், எங்கள் வயதுதான் இருக்கும்.

கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு விசாரித்தார்.

"நாலு நாள் நடந்து எந்தக் கோயிலுக்குங்க போறோம்?"

"கோயில் ஏதும் இல்ல சார். கடைசியா ஒரு பாறை இருக்கு. அங்க நின்னா ரெண்டு பக்கப் பள்ளத்தாக்கும் தெரியும்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு இறங்கிடணும் சார்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரு நேத்திக்கடன் இல்ல, ஒண்ணும் இல்ல. பாறையப் பாக்கவா இம்புட்டுத் தூரம்?"

"எனக்கு நேத்திக்கடன் இருக்குன்னு வச்சுக்கங்க" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

அந்த முதல் பேச்சிலேயே வழிகாட்டி, யாருக்காவது கால் வலி, முட்டி வலி உண்டா என்று கேட்டார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்ல" என்று கணவர் பட்டென்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. காட்டுத்தீக்குப் பயந்து மூடி வைத்திருக்கும் காட்டை, மழை ரெண்டு பெய்து வனத்துறை திறந்துவிட்டால், மே கடைசியில் வரலாம் என்று வழிகாட்டி சொன்னார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மலைப் பேச்சுதான். கணவருக்குத் தெரிந்த ஒரே பயணம் பாதயாத்திரை. அதனால் இதையும் பாதயாத்திரையாகவே திட்டம் போட்டார். வெயிலுக்கு முன்னால் நடந்துவிட வேண்டும், ஆகவே பின்னிரவு ரெண்டு மணிக்குக் கிளம்பலாம் என்றார். அந்த நேரத்தில் காட்டெருமைதான் நடக்கும் என்று வழிகாட்டி சொன்னார். வழியில் மோர்ப் பந்தல் எங்கெங்கே என்று இவர் கேட்டார். அந்தப் பக்கத்தில் சத்தமே வரவில்லை. பாவம், ஓரமாகப் போய்ச் சிரித்துவிட்டு வந்திருப்பார்.

பெரிய தகராறு ஷூவில்தான் வந்தது. "வெறுங்கால்ல பழனி போய்ட்டு வந்த காலு இது. இதுக்குப் போய் ஷூவா?" என்று ஒரே பிடியாக நின்றார். அட்டைப் பூச்சி என்று ஒன்று உண்டு, கால் விரல் இடுக்கில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும் என்று மகள் போனில் சொன்ன பிறகுதான் செக்காலை ரோட்டுச் செருப்புக் கடைக்கு வந்தார். அங்கே அவர் கால் ஒரு ஷூவுக்குள்ளும் நுழையவில்லை. ஆண்டாண்டாக ரோட்டில் நடந்து பாதம் தோசைக்கரண்டி மாதிரி விரிந்து கிடக்கிறது. கடைக்கார பாய் பெட்டி பெட்டியாகத் திறந்து போட்டார்.

கணவர் போன் பேச வெளியே போன நேரத்தில், பாய் நான் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தார். "டீச்சரம்மா, இடது பக்கம் மட்டும் இப்படித் தேஞ்சிருக்கே. கால இழுத்து நடக்குறீகளா?" என்றார். நான் வாசலைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இடது ஷூவுக்குள் ஒரு மெத்தையை வைத்து, அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் பில் போட்டார்.

காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகள் பள்ளிக்கூடத்தில் சேராத காலத்தில் நான் காளையார்கோவிலில் வேலை பார்த்தேன். ஒரு நாள் நான் இறங்குவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது, விழுந்தேன். மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள். சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். நடந்து அலுத்தால் மட்டும் இடது குதிகால் தரையைத் தேய்க்கும். என் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் வரும் சத்தத்தை வைத்தே நான் வருவதைக் கண்டுபிடித்து அமைதியாகிவிடுவார்கள். ஊருக்கே தெரியும். வீட்டில் இருக்கும் ஒருத்தருக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் மலை வேண்டாம் என்பார். அவர் சுபாவம் அப்படி. எனக்கு ஒரு தலைவலி என்றால்கூட வீட்டில் டிவி ஓடக்கூடாது. அக்கறை வந்துவிட்டால் அந்த மனிதரிடம் ஒரு காரியம் நடக்காது.

ஊர் சமதரை. ஏறிப் பழக எங்களுக்குக் கிடைத்த உயரம் ரயில்வே ஸ்டேஷன் மேம்பாலம்தான். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, முதுகுப் பைகளில் ரேஷன் அரிசியை நிரப்பிக்கொண்டு, விடியக்காலையில் ஏறி இறங்குவோம். "எந்த வண்டிக்குங்க நிக்கிறீக?" என்று டீக்கடைக்காரர் தினமும் கேட்பார். "கொடைக்கானல் வண்டி" என்பேன். அங்கேயும் கணவர்தான் முதலில் மேலே. அங்கு நின்று ரயில்வே மின்கம்பிகளை ஆராய்ந்துகொண்டிருப்பார். நான் மூச்சு வாங்கி மேலே போய்ச் சேரும்போது அவர் இறங்க ஆரம்பித்திருப்பார்.

சித்திரை கடைசியில் நல்ல மழை ஒன்று பெய்தது. நிஜ மலை ஒன்றில் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வழிகாட்டி சொன்னார். பிரான்மலை என்று முடிவு செய்தோம். வருஷா வருஷம் பழனி போகையில் தூரத்தில் பார்த்தபடியே போகிற மலை, இவர் ஏறியதே இல்லை. கிளம்புகிற அன்று காலையில் வழிகாட்டியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து இருவரும் கேட்டோம். தண்ணீர் நிறைய எடுங்கள், குரங்குக்குத் தீனி காட்டாதீர்கள், அப்புறம் முக்கியமான விஷயம், மலையில் எப்போதும் மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும், வேகமானவர் பின்னால் வர வேண்டும்.

"இது என்ன கூத்து" என்றார் கணவர்.

"ரூல்ஸ்" என்றேன்.

மலையடிவாரத்தில் கோயிலில் கும்பிட்டுவிட்டு, உச்சியில் இருக்கும் தர்கா வரை போய் வருவது என்று ஏற ஆரம்பித்தோம். நான் முன்னால். முதுகுக்குப் பின்னால் அவர் இருப்பது எனக்கே புதுசாக இருந்தது. கொஞ்ச தூரம் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"நீ நடக்கிறியா, நகர்றியா?"

"பேசாம வாங்க."

"பழனிக் கூட்டத்துல இந்த வேகத்துல போனா அடுத்த வருசப் பூசத்துக்குத்தேன் போய்ச் சேருவோம்."

நான் சிரித்துக்கொண்டே ஏறினேன். படி முடிந்து பாறைப் பாதை வந்தது. வெயில் ஏறியது. கால் அலுத்துவிட்டது. அப்போது கவனித்தேன், பின்னால் பேச்சே இல்லை. ஆள் எங்காவது உட்கார்ந்துவிட்டாரா என்று திரும்பினேன். இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்து?" என்றார்.

"எது?"

"இடது காலத் தேச்சுத் தேச்சு வைக்கிறியே."

"பஸ்லருந்து விழுந்தேன்ல. அப்ப இருந்து."

"அது சரியாப் போச்சுன்னுல்ல சொன்ன?"

"சரியாத்தேன் போச்சு. இப்படித்தேன் சரியாப் போச்சு."

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டு வருசமா? எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்கும்.

"எப்படித் தெரியும்? நீங்கதேன் எப்பவும் முன்னால போயிடுறீகளே."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். நான் வாங்கிக் குடித்துவிட்டு, அவர் இறங்கலாம் என்று சொல்வதற்குள் திரும்பி ஏற ஆரம்பித்தேன். அவர் பின்னாலேயே வந்தார். பாறை வழுக்கும் இடங்களில் அவர் கை என் முதுகுப் பைக்கு அடியில் வந்து தாங்குவது தெரிந்தது. தாண்டியதும் எடுத்துக்கொள்வார்.

உச்சியில் நல்ல காற்று. கீழே கண்மாய்களும் தென்னந்தோப்புகளும் தெரிந்தன. நடுவே மெல்லிசாக ஒரு ரோடு. "அந்தா, அங்குட்டுப் போகுது பாரு, அதுதேன் நாங்க பழனிக்குப் போற ரோடு" என்று கையைக் காட்டினார். கதைகளில் மட்டுமே கேட்ட ரோடு. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் வழியாகக் கம்பியைக்கூடப் பார்க்கவில்லை. மலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அரிசி சுமந்ததும் ஷூ வாங்கியதும் எல்லாம் வீண். வீட்டுக்குள் நுழைந்ததும் தைலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு போனை எடுத்தார். எனக்கு அங்கே நிற்கத் தைரியம் இல்லை. சமையலறைக்குப் போய்ப் புளியைக் கரைக்க ஆரம்பித்தேன். அவருக்கு ஸ்பீக்கரில் போடாமல் பேசத் தெரியாது என்பதால் எல்லாம் காதில் விழுந்தது.

"நாலு நாளுன்னு சொன்னீகள்ல. அத அஞ்சாக்க முடியுமா? ஒரு நாளைக்குக் கொஞ்சக் கொஞ்சமா நடக்கிற மாதிரி."

"செய்யலாம் சார். அம்மாவுக்கு ஏதும் முடியலையா?"

புளிக்குள் இருந்த என் கை அப்படியே நின்றது.

"அவளுக்கென்ன, அவ நல்லாத்தேன் நடக்கிறா. எனக்குத்தேன் முடியல. இன்னைக்கி ஏறிப் பாத்தேன். வயசாகுதுல்ல."

வெறுங்காலோடு பழனி போய் வந்து, கால் முழுக்கக் கொப்புளத்தோடு "ஒண்ணுமில்ல" என்று சொல்கிற மனிதர் இப்படிச் சொன்னார்.

"அப்ப சார், நீங்கதான் முன்னால போகணும்" என்றார் வழிகாட்டி.



"வேணாங்க. அவளே முன்னால போகட்டும்" என்றார் கணவர். "நான் பின்னால வந்தே பழகிட்டேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே ஒரு காலைப் பொழுதுதான், அதுவும் அன்றைக்குத்தான், என் பின்னால் நடந்திருக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. இரண்டு கையிலும் புளி, துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.